கடல் கடந்த சிவாலயங்கள்: அமர்ந்த இடத்திலிருந்தே ஒரு யாத்திரை

கால்கள் ஒத்துழைக்கும் வரையில்தான் யாத்திரை என்பது மூத்தோர் பலரின் ஏக்கம். கடல் கடந்த தலமென்றால் அந்த ஏக்கம் இன்னும் பெரிது. இன்றோ, நாற்புறமும் சுழற்றிப் பார்க்கும் 360 பாகைப் படங்கள் வீட்டுத் தொலைக்காட்சித் திரைக்கே வந்துவிட்டன. கூகுள் வரைபடத்தில் ஊரின் பெயரைத் தேடினால் போதும்; பேரப்பிள்ளைகள் எடுத்துக்கொடுப்பார்கள். இவ்வாரம் அவ்வழியே வியட்நாம் செல்வோம்.

அந்நாட்டின் நடுக் கடற்கரையில் விளங்கியது சம்பா அரசு. டா நாங் நகரில் உள்ள சாம் சிற்ப அருங்காட்சியகம் 1919-ல் திறக்கப்பட்டது. சிவன், விநாயகர் முதலான மூர்த்தங்களை அங்கே காணலாம். அருகிலுள்ள ஹோய் ஆன் பழைய துறைமுக நகரம்; ஜப்பானிய வணிகர்களின் மூடுபாலம் இன்றும் நிற்கிறது. அங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் மீ சோன் அமைந்துள்ளது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் பத்ரவர்மன் என்னும் மன்னன் பத்ரேசுவரர் என்ற திருநாமத்தில் இலிங்கம் நிறுவிய தலம் இதுவே. செங்கல்லால் எழுந்த எழுபதுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் பல, 1969-ஆம் ஆண்டின் குண்டுவீச்சில் சிதைந்தன. 1999-ல் மீ சோனும் ஹோய் ஆனும் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின. இந்தியத் தொல்லியல் துறையினர் மேற்கொண்ட சீரமைப்பின்போது, 2020-ல் ஒரே மணற்கல்லால் ஆன சிவலிங்கம் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டது.

தெற்கே நியா திராங்கில், ஆறு கடலோடு கலக்குமிடத்துக் குன்றின்மேல் போ நகர் ஆலயம் உள்ளது. பத்துக் கரங்களுடன் அமர்ந்த அன்னையை அவ்வூரார் இன்றும் வழிபடுகின்றனர். அதற்கும் தெற்கே பான் ராங்கில் உள்ள போ குலோங் கராய் ஆலயத்தில், இந்து சமயம் சார்ந்த சாம் மக்கள் ஆண்டுதோறும் காத்தே விழாவைக் கொண்டாடுகிறார்கள்.

திரையில் காண்பது தரிசனமாகுமா என்று அன்பர்கள் கேட்கலாம். தீபாராதனையின் ஒளியும் திருநீற்றின் மணமும் திரையில் வாரா. ஆதலால் நடக்க இயன்றவர்கள் உள்ளூர்க் கோயிலுக்குச் செல்வதை இதன் பொருட்டு விட்டுவிடலாகாது. ஆயினும், மனத்திலேயே ஆலயம் எழுப்பிய பூசலாருக்காக, காடவர்கோன் கட்டிய கற்றளியின் குடமுழுக்கு நாளையே இறைவன் மாற்றிவைக்கச் செய்தார் அல்லவா? மீ சோனில் நித்திய பூசை நின்று பல நூற்றாண்டுகள் ஆகின்றன. விளக்கேற்ற ஆளில்லாத அந்தச் சந்நிதியில், நாம் மனத்தால் ஒரு வில்வம் சாத்தி, ஐந்தெழுத்தை ஓதினால் அது வீண்போகாது.

ஒரு சொல்: படத்தை மெல்லச் சுழற்றுங்கள்; விரைந்தால் தலை சுற்றும். நாளுக்கொரு தலம் போதும். இப்படங்களைக் காணக் கட்டணமில்லை. பூசைக்கென்று வங்கி விவரம் கேட்கும் பக்கம் எதுவாயினும் உடனே மூடிவிடுங்கள்.