கையாலாகாதவர்களா நாம்?

தமிழில் ஒருவரை இகழ்வதற்கென்று உள்ள கடுமையான சொற்களுள் ‘கையாலாகாதவன்’ என்பதும் ஒன்று. அறிவில்லாதவன் என்பதைவிட, பணமில்லாதவன் என்பதைவிட இச்சொல் ஆழமாகத் தைக்கும். ஒன்றைச் செய்து முடிக்க வல்ல கையே மனிதருக்கு அளவுகோல் என்று நம் முன்னோர் கருதினர் போலும். தேர்ச்சி பெற்றவரைக் கைதேர்ந்தவர் என்றோம்; பழகிப்போன கலையைக் கைவந்த கலை என்றோம்; அடுப்படியில் நிற்கும் அன்னையின் திறமையைக் கைப்பக்குவம் என்றோம். இத்தனை சொற்களையும் வைத்துக்கொண்டு, இன்று நம் கத்தோலிக்க இல்லங்களில் கைகள் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்று கேட்டால், வாங்குகின்றன, பிரிக்கின்றன, எறிகின்றன என்றே விடை கூற வேண்டியுள்ளது.

இது மிகை என்போர் டிசம்பர் மாதத்தில் தம் வீட்டு முகப்பைச் சற்றே நோக்கட்டும். ஒரு தலைமுறைக்கு முன்புவரை குடில் என்பது வாங்கும் பொருளன்று, கட்டும் பொருள். திருவருகைக் காலத்தின் இடையிலேயே கொட்டாங்கச்சிகளில் மண் நிரப்பிக் கேழ்வரகோ நெல்லோ விதைத்து நீர் தெளித்து வைப்பார்கள். கிறிஸ்து பிறப்பு விழாவுக்குள் அது விரலளவு வளர்ந்து பசும்புல்லாக நிற்க வேண்டும் என்ற நாள்கணக்கு சிறுவர்களுக்கு அத்துபடி. மரத்தூளுக்குப் பச்சைச் சாயம் ஏற்றுவார்கள். பழைய சிமெண்டுப் பையின் காகிதத்தைக் கசக்கிக் கஞ்சியில் தோய்த்து மலையாக்குவார்கள். உடைந்த முகக்கண்ணாடி குளமாகும். மூங்கில் பிளாச்சுகளை இழைத்து இரண்டு நட்சத்திரச் சட்டங்கள் செய்து, முனைகளைச் சேர்த்துக் கட்டி, நடுவே குச்சி கொடுத்துப் புடைக்க வைத்து, மைதாப் பசையால் வண்ணத்தாள் ஒட்டி வாசலில் ஏற்றுவார்கள். ஐந்து முனைகளில் ஒன்று எப்போதும் சற்றுக் கோணலாகவே இருக்கும். அந்தக் கோணலைப் பார்த்தே இது இன்னார் வீட்டு நட்சத்திரம் என்று தெரு முழுதும் சொல்லிவிடும்.

இன்றோ, அட்டைப்பெட்டியைத் திறந்தால் குடில் ஆயத்தம். எடுத்து வைக்க ஐந்து நிமிடம்; விழா முடிந்து மீண்டும் பெட்டிக்குள் வைக்க ஐந்து நிமிடம். ஆலயங்கள் பலவற்றில் இந்த வேலையும் ஒப்பந்தக்காரர் கைக்குப் போய்விட்டது. தெர்மாகோல் மலையும் மின்விசை அருவியும் நாம் பணம் கொடுத்த மறுநாளே எழுந்து நிற்கின்றன. இளைஞர்கள் கைப்பேசியை உயர்த்திப் படம் எடுத்ததோடு தம் பங்கு முடிந்தது என்று நகர்ந்துவிடுகின்றனர். 1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோ சிற்றூரில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் அமைத்த குடிலில் இருந்தவை வைக்கோலும், உயிருள்ள காளையும், கழுதையும், சூழ நின்ற ஊர்மக்களுமே. 2019 டிசம்பர் 1ஆம் நாள் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அதே கிரேச்சோவுக்குச் சென்று, குடிலைப் பற்றிய திருத்தூது மடலில் கையொப்பமிட்டார். கிடைக்கும் பொருள்களைக் கொண்டு கற்பனையோடு குடில் அமைக்கும் வழக்கத்தை அதில் அவர் பாராட்டினார். அவ்வழக்கம் மறைந்துபோன இடங்களில் மீண்டும் உயிர்பெற வேண்டும் என்றும் விரும்பினார். அம்மடலை நம் பங்குகளில் எத்தனை பேர் வாசித்தோம்?

நேரமில்லை என்பதே நான் கேட்கும் முதல் மறுமொழி. மாலை நேரங்கள் எங்கே போகின்றன என்பதை வாசகரே அறிவர். நான் விரிக்கப் போவதில்லை. ஆனால் ஒன்று என்னை வியக்க வைக்கிறது. கைப்பேசித் திரையில் நம் பிள்ளைகள் கண் இமைக்காமல் பார்ப்பவற்றுள் பல, யாரோ ஒருவரின் கைகள் மண்ணைக் குழைப்பதும், நூலைப் பின்னுவதும், மரத்தைச் செதுக்குவதும்தான். ஆசை அவிந்துவிடவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டா. பசித்தவன் உணவு விடுதியின் கண்ணாடிக்கு வெளியே நின்று பிறர் உண்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், அவ்வளவே.

கடையில் கிடைப்பது இதைவிட அழகாக இருக்கிறதே என்பர் இன்னும் சிலர். இருக்கட்டும். அழகில் கடையோடு போட்டியிடுவது வீட்டுக் கைவேலையின் நோக்கமன்று. 1981ஆம் ஆண்டு வெளியிட்ட உழைப்பைப் பற்றிய சுற்றுமடலில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஒரு கருத்தை வற்புறுத்தினார்: உழைப்பின் மதிப்புக்கு முதல் அடிப்படை, செய்யப்படும் பொருள் அன்று, செய்யும் மனிதரே. தொழிற்சாலைக்காக எழுதப்பட்ட இக்கருத்து அடுக்களைக்கும் திண்ணைக்கும் இன்னும் நன்றாகவே பொருந்தும். களிமண்ணில் ஆடு செய்த சிறுமிக்கு அந்த ஆடு நாயைப் போல வந்திருந்தாலும், மண் எவ்வளவு நீர் கேட்கும், கால் ஏன் ஒடிந்தது, வெயிலில் ஏன் வெடித்தது என்பதெல்லாம் தெரிந்துவிட்டது. தன் விரல்கள் சொன்னதைக் கேட்கும் என்பதும் தெரிந்துவிட்டது. பெட்டியில் வந்த ஆடு இதில் எதைக் கற்பிக்கும்?

‘எனக்குக் கைவராது’ என்று விலகிக்கொள்வோரும் உளர். பாடகர் அல்லர் என்பதற்காக எவரேனும் திருப்பலிப் பாடலின்போது வாய் மூடி நிற்கிறாரா? தமிழ்நாட்டுத் தெருக்களில் விடியுமுன் புள்ளி வைத்துக் கோலமிட்ட பெண்களில் எவரும் தம்மை ஓவியர் என்று அழைத்துக்கொண்டதில்லை. நண்பகலுக்குள் மிதிபட்டு அழியும் என்று அறிந்தே மறுநாள் வேறொரு கோலத்தை நினைத்துவைத்தார்கள். இப்போது அதற்கும் ஒட்டும் தாள் வந்துவிட்டது.

நேரமும் திறமையும் வெளியே சொல்லும் காரணங்கள். வெளியே சொல்லாத காரணம் ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இக்கட்டுரையை எழுதத் தொடங்கினேன். நாம் கைவேலையைக் கண்டு வெட்கப்படுகிறோம். கையால் உழைத்தவரைக் கீழ்ப்படியில் நிறுத்திய சாதிச் சமூகத்தில் பிறந்து, திருமுழுக்குப் பெற்ற பின்னும் அந்த வெட்கத்தைக் கழுவிக்கொள்ளாதவர்கள் நாம். மதிப்பெண் குறைந்த மகனைப் பார்த்து, ‘நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு’ என்று தந்தை சீறுகிறார். அதே வீட்டுக் குடிலில் இடையர்கள் முழந்தாளிட்டு நிற்கின்றனர்! மே முதல் நாளைத் தொழிலாளரான புனித யோசேப்பின் விழாவாகத் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1955இல் ஏற்படுத்தினார். அன்று சுரூபத்துக்கு மாலை சூட்டுகிறோம். சுரூபத்தின் கையில் உள்ள உளியும் இழைப்புளியும் நம் பிள்ளையின் கைக்கு வந்துவிடக் கூடாது என்று மன்றாடவும் செய்கிறோம்.

திருவிவிலியம் இந்த வெட்கத்தை அறியாது. விடுதலைப் பயண நூலின் 31ஆம் அதிகாரத்தில், யூதா குலத்துப் பெட்சலேலை ஆண்டவர் தம் ஆவியால் நிரப்புகிறார். எதற்காக? போருக்கு அன்று, ஆட்சிக்கு அன்று. பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்யவும், கல் இழைக்கவும், மரம் செதுக்கவும். யோப்பாவில் தபித்தா இறந்தபோது கைம்பெண்கள் அழுதுகொண்டே பேதுருவிடம் காட்டியவை, அவர் உயிரோடிருந்தபோது செய்து கொடுத்த ஆடைகள். திருத்தூதர் பவுல் கொரிந்து நகரில் அக்கிலா, பிரிஸ்கில்லா இணையரோடு கூடாரத் தொழில் செய்தார். நாசரேத்தூர் மக்கள் நம் ஆண்டவரைத் தச்சர் என்று அழைத்ததில் இகழ்ச்சி தொனித்திருக்கலாம். நற்செய்தியாளர் மாற்கு அதை மறைக்காமல் எழுதிவைத்தார்.

இங்கே ஒரு வலுவான எதிர்ப்பு எழும் என்பதை அறிவேன். 1953இல் சென்னை மாநிலத்தில் இராஜாஜி அரசு, சிற்றூர்ப் பிள்ளைகள் பள்ளியில் சில மணி நேரம் மட்டும் பயின்று, எஞ்சிய நேரத்தில் குடும்பத் தொழிலைக் கற்க வேண்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதற்குப் பெயரிட்டு எதிர்த்தனர். காமராசர் முதலமைச்சரான 1954லேயே அது கைவிடப்பட்டது. கைவேலையைப் புகழ்வது அந்தப் பழைய கதவைத் திறப்பதாகாதா என்று கேட்பவர்க்கு என் விடை இது: அத்திட்டத்தை எதிர்த்தவர்கள் எதிர்த்தது முற்றிலும் சரி. குயவர் மகனுக்குச் சக்கரமும் வழக்கறிஞர் மகனுக்குப் புத்தகமும் என்று பங்கிடுவது அநீதி. ஆனால் அநீதி சக்கரத்தில் இல்லை, பங்கீட்டில் இருந்தது. வழக்கறிஞர் மகனும் மண் குழைக்கட்டும். குயவர் மகளும் சட்டம் படிக்கட்டும். கைவேலை எல்லார்க்கும் பொதுவாகும்போதுதான் அதன்மேல் ஒட்டிய இழிவு உதிரும். ஏழைகளுக்குத் தொழில், வசதி படைத்தோர்க்குப் பொழுதுபோக்கு என்று அதைப் பிரித்து வைத்தால் இழிவு இன்னும் உறுதிப்படும்.

தஞ்சையில் 1892இல் பிறந்த நம் தமிழ்க் கிறிஸ்தவர் ஜே.சி. குமரப்பா, காந்தியடிகளோடு சேர்ந்து கிராமத் தொழில்களுக்காக வாழ்நாளைக் கொடுத்தவர். கணக்காயராகப் பயின்று, மேலைநாட்டு உடையில் உலவிய மனிதர் அவர். எந்த வேலையிலும் படைக்கும் மகிழ்ச்சியும் அலுப்பூட்டும் உழைப்பும் கலந்தே இருக்கும் என்பது அவர் கருத்து. மகிழ்ச்சியை ஒருவர் எடுத்துக்கொண்டு அலுப்பை மட்டும் இன்னொருவர் தலையில் கட்டுவதுதான் சுரண்டலின் வேர் என்று அவர் கண்டார். குமரப்பாவைத் தமிழ்க் கிறிஸ்தவ மேடைகளில் நாம் நினைவுகூர்வது மிக அரிது. ஏனோ!

பள்ளிகளைப் பற்றியும் ஒரு சொல். நானறிந்த ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் கைவேலைக்கென்று அட்டவணையில் வாரம் ஒரு மணி நேரம் உண்டு. ஆண்டு முழுவதும் அதைக் கணித ஆசிரியர் எடுத்துக்கொள்கிறார். பெற்றோர் எவரும் முறையிடவில்லை, நன்றி சொன்னார்களாம். பங்குகளில் நாம் செய்வதோ போட்டி வைப்பது. குடில் போட்டி, நட்சத்திரப் போட்டி, முதல் பரிசு, ஆறுதல் பரிசு. பரிசு வந்ததும் செலவு வருகிறது. செலவு வந்ததும் எளியவர் பின்வாங்குகின்றனர். மூன்றாம் ஆண்டில் நடுவர்கள்மீது சண்டை. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவற ஒழுங்கின் 57ஆம் அதிகாரத்தில் மடத்துக் கைவினைஞர்களைப் பற்றி எழுதினார். அவர்கள் தாழ்ச்சியோடு தொழில் செய்யட்டும் என்கிறார்; தன் திறமையைக் குறித்துச் செருக்குற்றவரை அத்தொழிலிலிருந்து விலக்கவும் சொல்கிறார். அந்த அளவுகோலை நம் விழாப் போட்டிகளுக்கு வைத்தால் மேடையில் எத்தனை பேர் மிஞ்சுவர் என்று தெரியவில்லை.

தன் கையால் எதையும் செய்து அறியாதவருக்குப் பிறர் கைப்பொருளின் விலையும் தெரிவதில்லை. இது வெறும் இரசனைக் குறைவன்று, நீதிக்குறைவு. மணப்பாட்டுப் பெண்கள் பனையோலையில் பின்னும் பெட்டியைக் கையில் எடுத்து, ‘ஓலைதானே, இவ்வளவா?’ என்று பேரம் பேசும் அம்மையார், பேரங்காடியில் நெகிழிக் கூடைக்கு அச்சிட்ட விலையை வாய் திறவாமல் கொடுக்கிறார். குருத்தோலையைப் பக்குவமாக உலர்த்துவது, ஈர்க்கு நீக்குவது, ஒரே அகலத்தில் கிழிப்பது, சாயம் ஏற்றுவது, பிறகே பின்னல் என்பதை அவர் ஒரு நாளாவது செய்து பார்த்திருந்தால் நாக்கு எழுமா? பத்தமடையில் கோரையை நீரில் ஊறவைத்து, மயிரிழை போலக் கீறி, துணியாக மடிக்கத்தக்க பாய் நெய்கிறார்கள். மணமக்கள் பெயரையும் அதில் நெய்து கொடுக்கிறார்கள். நம் திருமண வீடுகளிலோ விருந்தினர் கையில் கொடுத்தனுப்புவது, இரண்டு நாளில் மூடி கழன்றுபோகும் நெகிழி டப்பா.

எனவே, எங்கள் பங்கில் வருகிற குருத்து ஞாயிறுக்கு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். பிற பங்கினரும் விரும்பினால் பின்பற்றலாம். கட்டி முடித்த சிலுவைகள் இனி வாங்கப்படமாட்டா. சனிக்கிழமை மாலை ஓலைகள் மடலோடு ஆலய முற்றத்துக்கு வந்து சேரும். முதியோர் முன்வரிசையில் அமர்வர். ஈர்க்கு நீக்கவும் மடிக்கவும் அவர்களே ஆசிரியர்கள். காற்றாடியும் கிலுகிலுப்பையும் செய்யத் தெரிந்த தாத்தாமார் இன்னும் நால்வர் இருக்கின்றனர், அவர்களும் வருவர். பட்டம் பெற்றவர், பெறாதவர் என்ற வேறுபாடின்றி எல்லாரும் தரையில்தான் அமர வேண்டும். பரிசு கிடையாது. சிலுவைக்கு மாறாகக் கிளியைச் செய்து கொண்டு வரும் பிள்ளையின் ஓலைக்கும் மறுநாள் தீர்த்தம் தெளிக்கப்படும்.