சாவு மேளமும் கிடாரும்

பள்ளி நாட்களில், நெய்வேலி டவுன்ஷிப்பில் அதிகாரி ஒருவர் வீட்டுக் கார் ஷெட்டில் ஒரு ராக் பேண்டு இருந்தது. ஒரு கிடார், ஒரு பழைய டிரம் செட், மூன்று பையன்கள். அமெரிக்க கராஜ் ராக் பாணியில் பாதி வித்தை, மீதி ஆவேசம். கொலை, சுடுகாடு, சாவு என்று பாடும் இருண்ட கன்ட்ரி பாட்டுகள் என்றால் உயிர். தங்களை 'அண்டர்கிரவுண்ட்' என்பார்கள். (எங்கள் ஊர்ச் சுரங்கங்கள்கூடத் திறந்தவெளிதான்!)

என் அப்பா ஒப்பந்தத் தொழிலாளி. டவுன்ஷிப்புக்கு வெளியே எங்கள் சேரி. சாவு விழுந்தால் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சுவார்கள். இரவெல்லாம் அடி விழும். "எங்க மாமா பறை அடிப்பாரு, கூட்டிட்டு வரவா?" என்று ஷெட்டில் கேட்டேன். "டேய், அது சாவு மேளம்டா" என்றான் நண்பன். அப்போது ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்ததும் சாவுப் பாட்டுதான். நான் வாயைத் திறக்கவில்லை.

அவன் கும்பிட்ட இசைக்கும் ஒரு சேரி உண்டு என்பது ஆய்வுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. கன்ட்ரியின் அடையாளமான பாஞ்சோ, அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வாத்தியம். 1920களில் இசைத்தட்டு நிறுவனங்கள் கறுப்பர் பாடினால் 'ரேஸ்', வெள்ளையர் பாடினால் 'ஹில்பில்லி' என்று பிரித்து விற்றன. ஹாங்க் வில்லியம்ஸுக்கு இசை சொல்லிக்கொடுத்த ரூஃபஸ் பெய்ன் ஒரு கறுப்பினத் தெருப்பாடகர்.

நம்மிடமோ மரண கானா ரவுடிப் பாட்டு, பறை தீட்டு. இதை மேடையில் வைத்துக் கேள்வி கேட்டது 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு; அயோத்திதாசரின் 'சாதி பேதமற்ற தமிழர்' என்பதிலிருந்து வந்த பெயர். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி. கிடாருக்குப் பக்கத்திலேயே பறை, சட்டி, கட்ட மோளம். ஆண்களின் கோட்டையான கானாவை இசைவாணி பாடினார். ஃப்யூஷன் கச்சேரிகளில் பறையை ஊறுகாய் மாதிரித் தொட்டுக்கொள்வார்கள். இங்கே வாத்தியத்தோடு அதன் ஆட்களும், அவர்களின் அரசியலும் மேடையேறின.

ஆனாலும் மேடையோடு நாம் திருப்தியடைந்துவிடுகிறோம். என் மாமா பையன் பறையைத் தொடமாட்டான். ஊர்ச் சாவுக்கு அடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தைப் பார்த்து வளர்ந்தவன். "பறை நம் பெருமை" என்று அவனுக்கு வகுப்பெடுக்கப் போன தோழர்களில் நானும் ஒருவன். அது தப்பு. அடிப்பது உரிமை என்றால், மறுப்பதும் உரிமைதான்.

இப்போது கல்லூரி விழாக்களில் பறைக்கு நல்ல கிராக்கி. அழைக்கிற தோழர்களிடம் நான் கேட்பது இதைத்தான்: கிடார் வாசிப்பவருக்கு எவ்வளவு தருகிறீர்கள், பறை அடிப்பவருக்கு எவ்வளவு? போன மாதம் ஒரு நண்பரிடம் கேட்டேன். "பறைக்குழுவுக்கு பஸ் செலவும் சாப்பாடும் பேசியிருக்கோம்" என்றார்.