சாலைக்கு ஒரு மீட்டர், சேரிக்கு?

நான்குவழிச் சாலைக்கென்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் போட்ட கையேடு ஒன்று இருக்கிறது. சாலையைத் தாங்கும் மண்படுகையின் அடிமட்டம், வெள்ள மட்டத்துக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் பொதுவாக ஒரு மீட்டர் மேலே இருக்கவேண்டும் என்கிறது அது. சரியான விதிதான். கீழேயிருந்து ஈரம் ஏறினால் மண் இளகும், தார் பிளக்கும். நான் கேட்பது, சாலை இப்படி உயரும்போது விலகுகிற தண்ணீர் எங்கே போகவேண்டும் என்று யாரைக் கேட்டு முடிவு செய்கிறார்கள் என்பதைத்தான். ஊர் மேட்டிலும் சேரி பள்ளத்திலும் இருப்பது இயற்கை வரைந்த வரைபடம் அல்ல.

விழுப்புரம்–புதுச்சேரி 29 கிலோமீட்டர் நான்குவழிச் சாலையை 2025 ஏப்ரல் 6 அன்று பிரதமர் ராமேசுவரத்தில் நாட்டுக்கு அர்ப்பணித்தார். சாலை எனக்கும் வேண்டும். ஜிப்மருக்கு அவசரமாகப் போகிறவருக்கு இன்னும் வேண்டும். ஆனால் இது ஏரி பூமி. புதுச்சேரிப் பகுதியில் மட்டும் 84 ஏரிகள். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன எல்லைப்படி கண்டமங்கலம் தமிழ்நாடு, மதகடிப்பட்டு புதுச்சேரி. தண்ணீருக்கு அந்தக் கணக்கு தெரியாது. அதன் குறுக்கே கரைபோலச் சாலை எழும்பி, சிறுபாலம் போதாமல் போனால் ஒருபக்கம் தேங்கும். மறுபக்கம் ஏரி நிரம்பாது, கிணறு ஊறாது. நகரம் குடிப்பதோ நிலத்தடி நீரை. கடலோரத்தில் உறிஞ்ச உறிஞ்ச உப்பு உள்ளே வருகிறது.

முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் வந்ததற்கு ஆயி மண்டபம் இருக்கிறது (நானும் அதைப்பற்றிக் கவிதை எழுதியவன்தான்). தண்ணீர் தேங்கிய இடத்துக்கு யாரும் மண்டபம் கட்டுவதில்லை.

2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் வந்தபோது, ஒரே நாளில் புதுச்சேரியில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை. வங்கியில் நகைக்கடன் பகுதியில் உட்கார்கிறவன் நான். "எதுக்கும்மா கடன்?" என்றால், "ரோடு ஒசந்துபோச்சு சார், வூட்டுத் தரைய ஒசத்தணும்" என்கிறார்கள். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. 'வீட்டுச் செலவு' என்று எழுதுகிறேன். சாலையை அரசு உயர்த்துகிறது. வட்டியைத் தாலிக்கொடி கட்டுகிறது.

சாலை போடுமுன் ஒரு மழைக்காலம் முழுக்கக் கிணற்று மட்டத்தை அளக்கணும், காலனிக் கிணற்றையும் சேர்த்து. சிறுபாலம் எங்கே என்பதை, முழங்கால் தண்ணியில் நின்ற கிழவியைக் கேட்கணும். கரைக்கான மண்ணை ஏரியைத் தூர்வாரி எடுக்கலாமே. வேலைக்கு இறைக்கும் போர் தண்ணீருக்குக் கணக்குக் காட்டணும். புதுச்சேரியில் 2002ஆம் ஆண்டு நிலத்தடி நீர்ச் சட்டம் சும்மாவா இருக்கிறது? மழைநீர் சேமிப்பென்று சாலையோரக் குழியில் நேரே இறக்கினால் வண்டி எண்ணெயும் டயர்த்தூளும் காலனிக் கைபம்பில்தான் வரும், தெளியவைத்துத்தான் இறக்கணும். அப்புறம், சுங்கம் வசூலிக்கிறவர்கள் ஐப்பசிக்கு முன் சிறுபாலங்களின் அடைப்பை எந்திரம் வைத்து எடுக்கணும். அதற்கு நம்ம ஆட்களை உள்ளே இறக்கக் கூடாது.