கிராபிக்ஸ் கார்டு மாற்றுமுன் அளந்து பாருங்கள்

சென்ற ஆண்டு இறுதியில் அம்மாவிடம் ஒரு பொய் சொன்னேன். “படிப்புக்குப் புது கிராபிக்ஸ் கார்டு வேணும்மா, பழசு இனிமே தாங்காது” என்றேன். அம்மா தொழிற்சாலையில் வேலை செய்பவர். எவ்வளவு என்று கேட்டார். ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி வரை ஆகும் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “படிப்புக்குன்னா வாங்கிக்கோ தம்பி. சேர்த்து வச்சதுல இருந்து தர்றேன்” என்றார்.

நம் நாட்டில் 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. நான் கேட்டது ஏறக்குறைய அந்த ஒரு மாதச் சம்பளம். உண்மையில் எனக்குக் கார்டு தேவைப்பட்டது படிப்புக்கு அல்ல, விளையாட்டுக்கு. அன்றிரவு காம்பாரில் என் வாடகை அறைக்குத் திரும்பிய பிறகும் அது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது.

என்னிடம் இருப்பது என்விடியா நிறுவனத்தின் ஜிடிஎக்ஸ் 1060, 6 ஜிபி. 2016இல் சந்தைக்கு வந்த கார்டு. எஸ்பிஎம் முடித்ததும் ஒரு கிடங்கில் வேலை செய்து, 2022 இறுதியில் அதைப் பழைய விலைக்கு வாங்கினேன். அந்த ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் எத்தீரியம் எனும் மின்னியல் நாணயம் தன் செயல்முறையை மாற்றிக்கொண்டது. அதற்கு ‘மைனிங்’கும் வேண்டாம், கிராபிக்ஸ் கார்டும் வேண்டாம் என்றானது. அதற்கு முன் கிடைப்பதற்கே அரிதாக இருந்த கார்டுகள் பழைய பொருள் சந்தையில் குவிந்து விலை இறங்கின. என்னைப் போன்றோருக்கு அது நல்ல காலம்.

பிறகு ஏன் மாற்றும் எண்ணம் வந்தது? 2025 அக்டோபருடன் இந்தத் தலைமுறைக் கார்டுகளுக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர்களை வெளியிடுவதை என்விடியா நிறுத்திக்கொண்டது. அதே மாதம் 14ஆம் நாள் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் முடிந்தது. நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் “உன் கார்டு செத்துப்போச்சு” என்று கேலி செய்தார்கள். நானும் நம்பிவிட்டேன்.

நிதானமாகப் படித்தபோதுதான் விஷயம் விளங்கியது. கார்டு எதுவும் சாகவில்லை. புதிய விளையாட்டுகளுக்கென்று செய்யப்படும் சீரமைப்புதான் நின்றுள்ளது. பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 அக்டோபர் வரை மூன்று மாதத்திற்கு ஒரு முறை வரும். இன்று ஓடும் விளையாட்டு நாளையும் ஓடும்.

‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பார்கள். நானும் இரண்டு வாரம் அளந்து பார்த்தேன். முதலில், எந்த விளையாட்டை எத்தனை மணி நேரம் ஆடுகிறேன் என்று எழுதி வைத்தேன். பெரும்பகுதி நேரம் வலோரண்ட், அடுத்து டோட்டா 2. வார இறுதியில் தம்பியுடன் ஆடுவதும் இவைதாம். வலோரண்ட் என் கார்டில் நொடிக்கு நூறு பிரேமுக்கு மேல் ஓடுகிறது. ஆனால் என் திரை 60 ஹெர்ட்ஸ்; நொடிக்கு 60 படங்களுக்கு மேல் அதனால் காட்ட முடியாது. இருநூறு பிரேம் தரும் கார்டு வாங்கினாலும் என் கண்ணுக்குத் தெரியப்போவது அதே அறுபதுதான்.

டோட்டாவில் கூட்டச் சண்டை வரும்போது திக்கித் திணறியது உண்மை. அப்போது கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். கிராபிக்ஸ் கார்டு அறுபது விழுக்காடுதான் உழைத்துக்கொண்டிருந்தது. செயலியோ நூறைத் தொட்டிருந்தது. 8 ஜிபி ரேமும் நிரம்பி வழிந்தது. குற்றவாளி வேறு யாரோ, நான் தண்டிக்க நினைத்தது கார்டை.

விசிறியில் படிந்திருந்த தூசியைத் துடைத்தேன். பழைய 8 ஜிபி ரேம் ஒன்றைத் தேடி வாங்கி இரண்டாவது துளையில் பொருத்தினேன். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொள்வதால் ரேம் விலையும் ஏறித்தான் கிடக்கிறது. ஆனாலும் கார்டின் விலையோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை. திணறல் முழுதாகப் போகவில்லை. ஆட முடிகிற அளவுக்குக் குறைந்துவிட்டது.

கார்டின் விலையோடு செலவு முடிவதில்லை என்பதையும் அப்போதுதான் உணர்ந்தேன். நான் கண் வைத்திருந்த ஆர்டிஎக்ஸ் 5060க்கு 550 வாட் மின்வழங்கி பரிந்துரைக்கப்படுகிறது. என்னிடம் உள்ளது 450 வாட். என் செயலி ஆறாம் தலைமுறை இன்டெல். விண்டோஸ் 11 அதை முறைப்படி ஏற்பதில்லை. அந்தக் கார்டு எட்டுத் தடங்கள் வழியாகத்தான் தாய்ப்பலகையோடு பேசும். என் பழைய பலகையில் அந்தத் தடங்களின் வேகமும் குறைவு. ஆக, இந்தக் கணினியில் புதுக் கார்டைப் போடுவது, கறையான் அரித்த தூணுக்கு மேல் புதுக் கூரை போடுவது போலத்தான்.

யாருமே மாற்ற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2024 டிசம்பரில் வந்த ‘இந்தியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்’, 2025 மே மாதம் வந்த ‘டூம்: தி டார்க் ஏஜஸ்’ போன்றவற்றுக்கு ரே டிரேசிங் வசதி கார்டிலேயே இருக்க வேண்டும். என் 1060இல் அவை முறையாக ஓடா. அவற்றை ஆடியே தீர வேண்டும், கையில் சொந்தச் சம்பாத்தியமும் இருக்கிறது என்றால் வாங்குங்கள். அனிமேஷன் படிக்கும் என் தோழி ஒருத்தி பகுதி நேர வேலை செய்து புதுக் கார்டு வாங்கினாள். பிளெண்டரில் இரவு முழுக்க ஓடிய வேலை அவளுக்கு இப்போது மிகச் சீக்கிரம் முடிகிறது. அது தேவை. செயற்கை நுண்ணறிவு பழக வேண்டும் என்போர், முதலில் கூகுள் கோலாப் இலவசமாகத் தரும் கார்டில் பழகிப் பார்க்கலாம்.

நான் எதிர்ப்பது இரண்டை மட்டும். ஒன்று, பி.டி.பி.டி.என். கடனை எடுத்துக் கார்டு வாங்குவது. கார்டு பழசாகிப் போன பிறகும் அந்தக் கடனைக் கட்டிக்கொண்டிருப்போம். இரண்டு, நான் செய்தது போல் படிப்பின் பெயரைச் சொல்லிப் பெற்றோரிடம் வாங்குவது. ‘படிப்புக்கு’ என்ற ஒரு சொல்லுக்கு நம் வீடுகளில் எவ்வளவு மதிப்பு என்று நமக்குத் தெரியும். தோட்டத்தில் பால் மரம் வெட்டிய என் பாட்டி காலத்திலிருந்தே அந்தச் சொல்லுக்காக எங்கள் குடும்பம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வந்திருக்கிறது. அதை விளையாட்டுக்குச் செலவழிக்க நமக்கு உரிமை இல்லை.

மறுவாரம் வீட்டுக்குப் போனபோது அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். “விளையாடுறதுக்குன்னே கேட்டிருக்கலாமே? முடியும், முடியாதுன்னு சொல்லிருப்பேன்ல” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இப்போது பகுதி நேர வேலையில் மாதம் ஐம்பது வெள்ளி தனியாக எடுத்து வைக்கிறேன். படிப்பு முடியும்போதும் ஆசை இருந்தால், கணினியையே முழுதாக மாற்றிக்கொள்வேன். நீங்களும் வாங்கும் முன் இரண்டு வாரம் அளந்து பாருங்கள்: எதை ஆடுகிறீர்கள், எது திணறுகிறது, பணம் யாருடையது. மூன்றுக்கும் நேர்மையாகப் பதில் எழுதிவிட்டுக் கடைக்குப் போங்கள்.