சும்மா இருக்கும்போதும் ஓடும் கரண்ட்

போன வாரம் அமெச்சூர் ரேடியோ உரிமம் வைத்திருக்கும் திண்டிவனத்துத் தம்பி ஒருவர், கருகிய டிரான்சிஸ்டரோடு வீட்டுக்கு வந்தார். "காலையில செட் பண்ணப்போ சரியா இருந்துச்சு சார். மத்தியானம் பத்து நிமிஷம் பேசினேன், போயிடுச்சு" என்றார். விழுப்புரத்தில் குமாஸ்தாவாக இருந்த நாளில் நானும் இதே மாதிரி இரண்டைக் கருக்கியிருக்கிறேன்.

பவர் ஆம்ப்ளிஃபயரில் நாம் பேசாதபோதும் கொஞ்சம் கரண்ட் ஓட வேண்டும். அதை நிர்ணயிப்பதுதான் பயாஸ். நான் படித்த பிரெஞ்சுப் புத்தகங்களில் அந்தக் கரண்டுக்கு 'கூரான் தெ ரெப்போ' என்று பெயர், ஓய்வுநேர மின்னோட்டம். அது குறைந்தால் குரல் சிதையும், பக்கத்து அலைவரிசையில் பேசுபவருக்கும் தொல்லை. கூடினால் டிரான்சிஸ்டர் சூடாகும்.

சிக்கல் அந்தச் சூட்டில்தான். சிலிக்கான் டிரான்சிஸ்டர் ஒரு டிகிரி சூடானால், அதே கரண்டுக்குத் தேவைப்படும் பேஸ் வோல்டேஜ் சுமார் 2 மில்லிவோல்ட் குறைகிறது. நாம் கொடுப்பதோ பழைய வோல்டேஜ். அதனால் கரண்ட் ஏறும். கரண்ட் ஏறினால் இன்னும் சூடு. தடுப்பு எதுவும் இல்லாவிட்டால் சுமார் 9 டிகிரிக்கு ஒருமுறை கரண்ட் இரட்டிப்பாகும். வட்டிக்கு வட்டி போல.

"பெரிய ஹீட் சிங்க், ஒரு ஃபேன் போதும்" என்பார்கள். அது சூட்டைத் தாமதப்படுத்தும், கணக்கைத் திருத்தாது. "மாஸ்ஃபெட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை" என்பதும் முழு உண்மையல்ல. குறைந்த கரண்டில் அதுவும் சூடேறச் சூடேறக் கூடுதலாகத்தான் இழுக்கும்.

வைத்தியம் சில ரூபாய் டையோடு. சூடானால் அதன் வோல்டேஜும் ஏறக்குறைய அதே அளவு குறையும். பயாஸைத் தானாகவே கீழே இறக்கும். ஆனால் அது டிரான்சிஸ்டரை ஒட்டி, ஹீட் சிங்க்கிலேயே பசை தடவி உட்கார வேண்டும். தம்பியின் போர்டில் அது இரண்டு அங்குலம் தள்ளி, காற்றாடக் குளிர்ந்துகொண்டிருந்தது. எமிட்டரில் சிறு ரெசிஸ்டர் போட்டால் இன்னும் நல்லது. பிறகு ஆம்மீட்டர் வைத்து, குளிர்ந்திருக்கும்போது ஒரு தடவை, பத்து நிமிஷம் பேசிய பின் ஒரு தடவை பார்க்க வேண்டும். பெரிய வித்தியாசம் இருந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன்? 2011-இல் தானே, 2024-இல் ஃபெஞ்சல் என்று புயல்களைப் பார்த்துவிட்டோம். ஃபெஞ்சலின்போது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. அப்படிப்பட்ட நாளில் செல்போன் டவர் நின்றால் கைகொடுப்பது இந்தப் பெட்டிதான். அன்று ஃபேனுக்குக் கரண்ட் இருக்காது, பேச்சும் பத்து நிமிஷத்தில் முடியாது. காலைக் குளிரில் ஒரு தடவை சரிபார்த்த செட்டை நம்பி அன்று உட்காரக் கூடாது.

தம்பி டையோடை இடம் மாற்றிவிட்டார். மே மாத மத்தியானத்தில் ஒரு தடவை சோதித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.