பட்டன் மயக்கம்

வண்டி ஷோரூமை விட்டு இறங்கி ஆறு மாதம்கூட ஆகியிருக்காது; கம்பெனி டயரில் பட்டன் அப்படியே இருக்கும். அதைக் கழற்றி வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, இரண்டு விரற்கடை அகலம் கூடுதலாக, கட்டை கட்டையாகப் பல் நீட்டிய மட் டெரெய்ன் டயரை மாட்டுவது, தாரோ ஜிம்னியோ கூர்க்காவோ வாங்கியவர்களுக்கு ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. காடு மேடு போகிற வண்டிக்கு முரட்டுப் பட்டன் வேண்டும். அகலம் கூடக் கூடப் பிடிப்பும் கூடும். தார்ச்சாலைக்கு அது தேவையில்லைதான், ஆனாலும் கெடுதல் ஒன்றும் இல்லை. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அந்தச் சடங்குக்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கை. முதல் இரண்டும் பாதி உண்மை. மூன்றாவது முழுப் பொய், ஆபத்தானதும்கூட. பாலைவனத்தின் பெயரைச் சுமக்கும் வண்டி நம் ஊரில் ஆயுளின் பெரும்பகுதியைத் தார்ச்சாலையில்தான் கழிக்கிறது. விடுமுறைக்கு ஓர் எஸ்டேட் பாதை, தோப்புக்குப் போகும் செம்மண் தடம், மழைக்காலத்தில் தண்ணீர் ஓடும் ஒரு தரைப்பாலம்: பெரும்பாலானோர் வண்டி பார்க்கிற காடு மேடு இவ்வளவுதான்.

மணலிலும் இளகிய மண்ணிலும் வண்டியைத் தாங்குவது காற்று. பட்டனுக்கு அங்கே இரண்டாம் இடம்தான். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சக்கரத்தின் மேல் 500 கிலோ எடை, டயரில் 35 பி.எஸ்.ஐ. காற்று என்று வைத்துக்கொள்வோம். பக்கச்சுவர் தாங்கும் பங்கை விட்டுவிட்டால், டயர் தரையில் பதியும் பரப்பு ஏறத்தாழ 200 சதுர சென்டிமீட்டர். அகல டயரை மாட்டி அதே 35ஐ வைத்தால் பரப்பும் ஏறத்தாழ அதே 200தான். அகலத்தில் கூடியது நீளத்தில் குறைந்துபோகும். பழைய டயரிலேயே காற்றை 18க்கு இறக்கினால் பரப்பு 400ஐ நெருங்கும். அதுவும் பெரும்பாலும் நீளவாக்கில், புல்டோசரின் செயின் மண்ணில் படிவதுபோல. திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மணலில் புதைந்து நிற்கிற வண்டியை மீட்பதற்கு முதலில் செய்ய வேண்டியது வால்வை அமுக்குவதுதான். முரட்டுப் பட்டனோடு ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒவ்வொரு பல்லும் மண்வெட்டியாகி, வண்டி தன் பள்ளத்தைத் தானே தோண்டிக்கொள்ளும். இது புதிதாகக் கண்டுபிடித்த வித்தை இல்லை. 1930களில் லிபியப் பாலைவனத்தைச் சாதாரண ஃபோர்டு கார்களில் கடந்த ரால்ஃப் பாக்னால்டின் கூட்டத்தார் காற்றை இறக்கித்தான் மணல்மேடு ஏறினார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை கரையிறங்கப் பயன்படுத்திய நீர்-நில லாரியில், டிரைவர் இருக்கையில் இருந்தபடியே டயர்க் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் அமைப்பு வைத்திருந்தார்கள். அதே போரில் ஊர் உலகமெல்லாம் சுற்றிய வில்லிஸ் ஜீப்பின் டயர் அகலம் ஆறே அங்குலம். இன்று அதைப் பார்த்தால் ஸ்டெப்னி என்று நினைத்துக்கொள்வார்கள்.

சேற்றுக்கு முரட்டுப் பட்டன் வேண்டும்தானே என்பார்கள். எந்தச் சேறு என்று கேட்க வேண்டும். அடியில் கெட்டித் தரையும் மேலே நாலு விரல் சகதியும் இருக்கிற பாதையில் அகல டயர் சகதியின் மேலேயே வழுக்கிக்கொண்டு போகும். குறுகலான டயர் அதைக் கிழித்துக்கொண்டு இறங்கித் தரையைப் பிடிக்கும். நம் கிராமத்து மண் தடங்களில் பாதிக்கு மேல் இந்த வகைதான். கரிசல் சேறு வேறு ரகம். கோவில்பட்டிப் பக்கம் மழை விட்ட மறுநாள் வயல் தடத்தில் இறங்கிப் பாருங்கள்: நாலு சுற்றுக்குள் கட்டைகளுக்கு இடையிலான பள்ளம் முழுக்கக் களிமண் அப்பி, மட் டெரெய்ன் மொட்டை டயராகிவிடும். சக்கரத்தை வேகமாகச் சுழற்றினால் அப்பிய மண் தெறித்து விழும், உண்மைதான். அகன்ற பள்ளம் வைப்பதே அதற்காகத்தான். அங்கே அந்த டயர் சாதா டயரை ஜெயிக்கும். ஆனால் அந்த இடத்துக்கு ஆண்டில் எத்தனை நாள் போகிறோம்? தொளி உழவுக்கு டிராக்டர்காரர் கேஜ் வீல் மாட்டுகிறார். அவ்வளவு முரட்டு ரப்பர்ப் பட்டன் இருந்தும் அது போதாமல்தான் இரும்புக் கூண்டை மாட்டுகிறார். வேலை முடிந்ததும் கழற்றிவிட்டுத்தான் ரோட்டுக்கு ஏற வேண்டும். ஏற்றினால் ரோடு பாழாகும் என்று ஊரே சத்தம் போடும். கார் விஷயத்தில் மட்டும் வயல் சக்கரத்தோடு ஊர் சுற்றுவது கம்பீரமாகிவிட்டது.

தார்ச்சாலையில் கெடுதல் இல்லை என்கிற வாதத்துக்கு வருவோம். ரோட்டில் பிடிப்பு கொடுப்பது தரையைத் தொடுகிற ரப்பர். மட் டெரெய்னில் பள்ளம் அதிகம் என்பதால் தொடுகிற ரப்பர் குறைவு. கல்லில் பிய்ந்து வராமல் இருக்க அதன் கலவையையும் பெரும்பாலும் கடினமாக வைக்கிறார்கள். உயரமான கட்டைகள் வளைவில் நெளிந்து கொடுக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பியதற்கும் வண்டி திரும்புவதற்கும் நடுவே ஒரு நொடிப்பொழுது தொய்வு தெரியும். பெரிய பள்ளம் தண்ணீரை வெளியேற்றாதா என்ற கேள்வி நியாயமானது. தேங்கி நிற்கிற தண்ணீரை அது நன்றாகவே வெளியேற்றும். ஆனால் மலைப்பாதையில் வண்டியைக் கவிழ்ப்பது தேங்கிய தண்ணீரைவிட, தேய்ந்து பளபளத்த தாரின் மேல் படிந்த மெல்லிய ஈரப்படலம்தான். அதைத் துடைத்தெடுக்க மிருதுவான ரப்பரும், கட்டைகளின் மேல் பிளேடால் கீறியதுபோன்ற நுண்ணிய வெட்டுகளும் வேண்டும். சாதா டயரில் இவை நிறைய உண்டு. மட் டெரெய்னில் மிகக் குறைவு. இதோடு இரைச்சல், டீசல் செலவு, கூடின எடை. அந்த எடையைச் சுழற்றவும் நிறுத்தவும் வேண்டியது அதே பழைய எஞ்சினும் அதே பழைய பிரேக்கும்தான்.

அளவைக் கூட்டுவதற்குச் சொல்லும் காரணங்களில் ஒன்று மட்டும் உறுதியானது. சஸ்பென்ஷனை எவ்வளவு உயர்த்தினாலும் பின் ஆக்சிலின் நடுவில் தொங்கும் டிஃபரென்ஷியல் உயராது. அதை உயர்த்துவது டயர்தான். சரி, எவ்வளவு உயரும்? தார் வண்டியில் வருகிற 255/65 ஆர்18 டயரின் விட்டம் சுமார் 789 மில்லிமீட்டர். 285/70 ஆர்17க்குப் போனால் 831. விட்டத்தில் கூடியது 42; ஆக்சிலுக்குக் கிடைப்பது அதில் பாதி, 21 மில்லிமீட்டர். ஒரு கட்டைவிரல் அகலம். அதற்கு விலையாக கியர் விகிதம் முழுவதும் ஐந்து சதவீதத்துக்கு மேல் நீண்டு, மேட்டில் இழுவை குறையும். முன்பு சரியாக 80 காட்டிய ஸ்பீடோமீட்டர் இப்போதும் 80 காட்டும்போது வண்டி 84இல் போய்க்கொண்டிருக்கும்.

காற்றை இறக்குவது ஆபத்து என்பவர்கள் சொல்வதிலும் பொருள் இருக்கிறது. இறக்கிய காற்றோடு வேகமாகப் போனால் டயர் மடிந்து மடிந்து சூடேறும். கூர்மையாகத் திருப்பினால் ரிம்மை விட்டுக் கழன்றும் வரும். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றபோது, டயர் தோல் உரிந்ததற்குக் காரணம் ஃபோர்டு பரிந்துரைத்த 26 பி.எஸ்.ஐ. காற்றா, டயரின் கட்டுமானமா என்று இரண்டு நிறுவனங்களும் மல்லுக்கு நின்றன. அரசு விசாரணை டயரில் குறை கண்டது. ஆனாலும் அந்த ஆண்டே வந்த சட்டத்தின் வழியாகத்தான் அங்கே கார்களில் காற்றழுத்த எச்சரிக்கைக் கருவி கட்டாயமானது. ஆகவே மண் தடம் முடிந்த இடத்திலேயே காற்றை ஏற்ற வேண்டும். அதற்குத்தான் 12 வோல்ட் கம்ப்ரசர். இன்னொரு ஜதை ரிம்மோடு ஒப்பிட்டால் அதன் விலை சில்லறைக் காசு.

கல் குவாரிப் பாதையிலோ கூர்பாறைத் தடத்திலோ தினமும் ஓட்டுகிறவருக்குப் பக்கச்சுவர் கெட்டியான டயர் தேவைதான். பக்கச்சுவரில் கிழிந்த டயரை எந்தப் பங்சர் கடையிலும் நம்பிக்கையாக ஒட்ட முடியாது. மற்றவர்களுக்குக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவிலேயே, பட்டன் நெருக்கமான ஆல் டெரெய்ன் டயர் போதும். அதிலும் பெயரை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. ஆல் டெரெய்ன் என்று போட்டுக்கொள்வதற்குப் பொதுவான பரீட்சை எதுவும் கிடையாது, பக்கச்சுவரில் இருக்கும் எம்+எஸ் முத்திரையும் பட்டனின் வடிவத்தை வைத்துக் கம்பெனியே குத்திக்கொள்வது. இத்தனைக்கும் பிறகு, பார்க்க ஜோராக இருக்கிறது, அதனால்தான் மாட்டினேன் என்று ஒருவர் சொன்னால் அவரோடு எனக்கு வழக்கில்லை. மழை பெய்கிற நாளில் வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு அந்த நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது, முன்னால் போகிற பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு வண்டி தூரம் தள்ளி வரட்டும்.