நோபல் வென்ற 'மோஃப்': பவுடர் ஓகே... ஃபிலிம் எப்போது?

2025-ம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு சுசுமு கிடகாவா, ரிச்சர்ட் ராப்சன், ஓமர் யாகி மூவருக்கும் கிடைத்தது. காரணம், 'மோஃப்' எனும் உலோக-கரிமக் கட்டமைப்புகள். கட்டடத்துக்குக் கட்டும் சாரம் மாதிரிதான்: முனைகளில் உலோகம், நடுவே கம்பிகளாகக் கரிம மூலக்கூறுகள், உள்ளே முழுக்க நானோ ஓட்டைகள். சில கிராம் பவுடருக்குள் ஒரு கால்பந்து மைதானம் அளவு பரப்பு!

பவுடர் போதாதா?

வாயுவைப் பிடித்துவைக்கப் போதும். ஆனால், நிறைந்ததும் சூடாக்கியோ அழுத்தத்தைக் குறைத்தோ காலி செய்யணும். நிற்காமல் சலிக்க வேண்டும் என்றால், அதையே மெல்லிய படலமாக்கணும்.

அதனால் என்ன லாபம்?

பிளாஸ்டிக் டிபன் பாக்ஸுக்கு மூலப்பொருள் புரொப்பிலீன். அது புரொப்பேனுடன் கலந்தே வரும். இரண்டின் கொதிநிலை வித்தியாசம் சுமார் 5 டிகிரிதான். எனவே, உயரமான கோபுரங்களில் திரும்பத் திரும்ப ஆவியாக்கிப் பிரிக்கிறார்கள். எத்திலீன், புரொப்பிலீன் சுத்திகரிப்புக்கு மட்டும் உலக எரிசக்தியில் சுமார் 0.3% செலவாகிறது என 2016-ல் 'நேச்சர்' இதழ்க் கட்டுரை ஒன்று கணக்கிட்டது. 'ஜிஃப்-8' என்ற மோஃப் படலமோ, கொதிக்கவைக்காமலே புரொப்பிலீனை வேகமாக விட்டு, புரொப்பேனை மடக்கும்.

எப்படிச் செய்கிறார்கள்?

நுண்துளை செராமிக் மேல் குட்டிப் படிகங்களை 'விதை'யாகப் பூசி, கரைசலில் வைத்து, ஒன்றோடொன்று ஒட்டும்வரை வளர்ப்பது ஒரு வழி. கிட்டத்தட்ட பாலுக்கு உறை ஊற்றுவது போல. உலோகக் கரைசல், கரிமக் கரைசல் என மாற்றி மாற்றி முக்கி, லேயர் லேயராகக் கட்டுவது இன்னொரு வழி.

சிக்கல் எங்கே?

வாயு எப்போதும் ஈஸியான பாதையைத்தான் தேடும். படிகங்களுக்கு நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலே போதும், பிரிக்காமலே கசிந்துவிடும். படலத்தைத் தடிமனாக்கினால் வாயு போகும் வேகம் குறையும். ஆய்வகத்தில் நாணயம் அளவுக்குப் பழுதில்லாமல் செய்துவிடலாம். ஆலைக்குத் தேவை பல நூறு சதுர மீட்டர்.

அடுத்த முறை 'மோஃப் படலத்தில் புரட்சி' என்று செய்தி வந்தால், மூணு கேள்வி கேளுங்க: எவ்வளவு பெரிய படலம்? எத்தனை மாதம் தாங்கியது? ஆலையில் வரும் அழுக்கு வாயுவில் சோதித்தார்களா? பதில் இல்லையென்றால், அது இன்னும் ஆய்வகச் செய்திதான்.